அவுக வந்துட்டாக

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அல்லிநகரத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பிறருடைய புகார்கள்தான். மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் ஏறவில்லை என்று யாராவது போனில் சொன்னால் அதைத் தட்டி அனுப்புவேன். விசேஷ வீட்டில் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க வராது. முகம் தெரியாத ஆளிடம் போனில் பேசத்தான் தைரியம் வரும். இப்படிப்பட்டவள் ஒரு மனுஷியைப் பற்றி எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். பெயரை எழுதவில்லை. அக்கா என்றே எழுதுகிறேன். நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம்.

வயல் மோட்டாரை வீட்டிலிருந்தபடியே கைபேசியில் ஓட்டவும் நிறுத்தவும் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி வருகிறதல்லவா, அதை விற்கும் கம்பெனி ஒன்றுக்கு நாங்கள் போன் எடுத்தோம். ஆபீஸ் கோயம்புத்தூரில். நாங்கள் ஐந்தாறு பெண்கள், போடி, சின்னமனூர், ஆண்டிபட்டி என்று ஆளுக்கொரு ஊரில், அவரவர் வீட்டில். ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான் லைனில் இருப்போம். யார் எப்போது உட்காருவது என்பதை எங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு ஷீட் இருந்தது. போனில் திறந்தால் எல்லாப் பெயரும் வரிசையாக வரும். உட்காரும் நேரத்தைப் பச்சையாக்க வேண்டும். உட்காராத நேரம் வெள்ளையாகக் கிடக்கும். திடீரென்று முடியாமல் போனால் குரூப்பில் சொல்வோம். வேறு யாராவது அந்த நேரத்தை எடுத்துக்கொள்வார்கள்.

அந்த யாராவது பெரும்பாலும் அக்காதான்.

"அதுக்கென்ன, நான் உக்காந்துக்கிறேன்." குரூப்பில் அவர் குரலை அனுப்புவாரே தவிர எழுதுவது குறைவு. என் நாத்தனார் மகளுக்குச் சடங்கு என்று தயங்கித் தயங்கி நான் கேட்டபோதும் அதே பதில். பொங்கலன்று நாள் முழுவதும் அவர் வரி பச்சையாக இருந்தது. ஆண்டிபட்டி முத்துமாரி, எங்களில் வாய்த்துடுக்கு அவளுக்குத்தான், "யக்கா, மாட்டுக்குக்கூட இன்னைக்கு லீவு, ஒங்களுக்கு இல்லையா?" என்று கேட்டாள். அக்கா சிரித்த குரலை அனுப்பினார். அவருக்குச் சொந்த நேரம் என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. காலியாகக் கிடக்கும் கட்டத்தைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழகுவதற்காக அவருடைய லைனில் சேர்ந்து பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கச் சொன்னார்கள். அப்போதுதான் அவருடைய இன்னொரு வழக்கத்தைக் கவனித்தேன். பேசுகிறவர்களை அவர் வைக்க விடமாட்டார். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பேசினார். மோட்டார் ஓடிவிட்டது.

"ஓடுதும்மா. வைக்கட்டா?"

"வச்சுறாதீகய்யா. தண்ணி வாய்க்கால்ல விழுதான்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

"விழுது, விழுது."

"என்ன வெள்ளாமைங்கய்யா?"

"மொச்சை."

"மொச்சைக்கு இவ்வளவு தண்ணியா? வச்சுறாதீக, கேக்குறேன்ல."

"ஏம்மா, ஒனக்கு வேற சோலியே இல்லையா?"

"ஒங்க சோலிதான்யா என் சோலி."

பெரியவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அக்காவின் பக்கத்திலிருந்து ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வீட்டில் ஆள் வந்தால் நாங்களெல்லாம் குரலைத் தாழ்த்துவோம். அக்கா குரலை உயர்த்தினார். மொச்சைக்கு என்ன உரம், எந்தச் சந்தை என்று கேட்டுக்கொண்டே போனார். பெரியவர் பாவம், கடைசியில் கும்பிட்டு விடைபெற்றார்.

இதற்காக டீம் லீடர் தம்பியிடம் அவர் அடிக்கடி பேச்சு வாங்கினார். கோயம்புத்தூர்க்காரர், மரியாதை குறையாமல் கண்டிப்பார்.

"அக்கா, உங்க கால் மட்டும் முடியறதே இல்லீங்களே. கஸ்டமர் வைக்கறேன்னாலும் விடமாட்டேங்கறீங்களாமா?"

"அவுகளுக்கும் ஒரு ஆறுதலா இருக்கும்ல தம்பி."

"நாம ஆறுதல் விக்கலீங்க்கா. ஸ்டார்ட்டர் விக்கறோம்."

நாங்கள் இதை வைத்து வெகுநாள் சிரித்தோம்.

அக்காவின் வீடு வருசநாட்டுக்கு மேலே, இலவந்தோப்பு முடிந்து காடு தொடங்கும் இடத்தில் தனியாக இருந்தது. வீட்டுக்குள் சிக்னல் அரைகுறையாகத்தான் வரும். கொல்லைப்புறத்தில் ஒரு இலவமரத்தடியில் போனால் நன்றாகக் கேட்கும். அக்கா அங்கேதான் நாற்காலி போட்டு உட்காருவார். காய் வெடிக்கும் காலத்தில் பஞ்சு பறந்து வாயில் விழுகிறது என்பார்.

ஒருநாள் மதியம் தாண்டி, அவருடைய பச்சை நேரத்தில், குரூப்பில் எழுத்தாகவே ஒரு செய்தி வந்தது. "அவுக வந்துட்டாக. யாராச்சும் உக்காருங்க."

முத்துமாரி விடுவாளா? "புருசன் வந்தா சோலியப் போட்டுட்டு ஓடணுமா? புதுப்பொண்ணு கெட்டா போங்க" என்று எழுதினாள். போடியிலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் சிரிக்கும் படங்கள் வந்து விழுந்தன. நான் அக்காவின் நேரத்தை எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அக்கா குரல் அனுப்பினார். "ஏத்தா முத்துமாரி, நீ நெனைக்கிற ஆள் இல்ல. யானை. ஒத்த யானை. வாழைக்குள்ள வந்து நின்னுச்சு. இங்கன பேரச் சொல்ல மாட்டோம்த்தா. பேரச் சொன்னா காது குடுத்துக் கேட்டுக்கிட்டு வந்துருவாகன்னு பயம். அவுகன்னுதான் சொல்றது."

அன்றிலிருந்து எங்கள் குரூப்பில் 'அவுக' என்றால் யானை. கூகிளைக் கேட்டு, வனத்துறை அறிவிப்பைப் படித்து, ஆளுக்கொரு யோசனை சொன்னோம். பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. "அவுக வந்துட்டாக" என்று அக்கா எழுதினால் ஒருத்தர் அவர் நேரத்தை எடுத்துக்கொள்வோம். மற்றவர்கள், "கதவச் சாத்துங்க, உள்ளயே இருங்க, சத்தம் காட்டாதீக" என்று எழுதுவோம். அக்கா கும்பிடும் கையைப் போடுவார். அதற்குமேல் அவரிடமிருந்து ஒன்றும் வராது. அந்த வருடம் யானை அடிக்கடி வந்தது.

அவரை நான் நேரில் பார்த்தது ஒரே தடவை. எங்கள் எல்லோருக்குமான ஹெட்செட்களைக் கம்பெனி என் விலாசத்துக்கு அனுப்பியிருந்தது. அதை வாங்கிக்கொள்ள அக்கா தேனிக்கு வந்தார். பேருந்து நிலையத்தில், ஒரு பேக்கரி வாசலில் நின்றிருந்தார். குரலை வைத்து நான் பெரிய உருவமாக நினைத்து வைத்திருந்தேன். பார்த்தால் என் தோளுக்குத்தான் வந்தார். கையிலிருந்த போனில் ஒரு அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேசவில்லை.

"லைன்ல யாருக்கா?"

"எங்க சித்தி. பேசமாட்டாக. சும்மா இருக்காக."

எனக்கு மேற்கொண்டு கேட்கக் கூச்சம். பெட்டியைக் கொடுத்தேன். அக்கா ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்து, "அந்தா அவுக" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேனி பஸ் ஸ்டாண்டில் யானையா என்று நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர், கையில் பஜ்ஜிப் பொட்டலத்தோடு, வண்டிகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டே வந்தார். அக்காவின் வீட்டுக்காரர். ஜீப் ஓட்டுகிறவர். காலையில் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போய் மதியம் திரும்பிவிடுவார் என்று முத்துமாரி சொல்லியிருந்தாள்.

"தங்கச்சிதான அது? வாங்க, டீ சாப்பிடுவம்" என்றார். நல்ல மனிதராகத் தெரிந்தார். எனக்குச் சர்க்கரை இல்லாமல் ஒரு டீ சொன்னார். எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதை அக்கா சொல்லியிருக்கலாம். பிறகு அவரே பேசினார்.

"நீங்க காலையில உக்காருவீக. வெள்ளிக்கெழம மட்டும் கோயிலுக்குப் போறதால லேட்டு. மதியம் போடி. பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பொண்ணுக்கு முடியாது. சாயங்காலம் ஆண்டிபட்டி முத்துமாரி. சரிதான?"

"எப்படிண்ணே தெரியும்?"

"லிங்கு என் போன்லயும் இருக்குல்ல. டெய்லி பாத்துருவேன். யாரு எப்ப இருப்பீக, எப்ப இருக்க மாட்டீகன்னு எனக்கு அத்துப்படி." பஜ்ஜியை என் பக்கம் நகர்த்தினார். "இவளுக்கு வெள்ளை எப்பன்னு தெரிஞ்சாத்தான நான் வீட்டுக்கு வர முடியும்?"

அக்கா டீயைக் குடிக்கவில்லை. போனில் சித்தி இன்னும் இருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்காரர் அக்காவிடம், "வச்சிரு, போதும்" என்றார். குரல் மாறவில்லை. சிரிப்பும் அப்படியே இருந்தது. அக்கா வைத்துவிட்டார்.

அன்று முழுவதும் என் மனசு சரியில்லை. மறுநாள் லைன் மாற்றிக்கொள்ளும்போது, கம்பெனி லைனில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், எப்படியோ கேட்டுவிட்டேன். "அக்கா, அவுக வந்துட்டாகன்னு எழுதுவீகளே. அது..."

அக்கா என்னை முடிக்க விடவில்லை.

"மொதத் தடவ யானைதான் ஆத்தா. அப்புறம் ஒண்ணு ரெண்டு தடவ அதுவும் வந்துச்சு. மத்த நாளு இவுகதான்."

"என்னக்கா சொல்றீக?"

"போன்ல ஆள் இருக்கையில அவுக கை நீளாது. ஊருக்கு நல்ல மனுசன்ல, சத்தம் வெளிய கேட்டா அசிங்கம். கால் ஓடுற வரைக்கும் எனக்குப் பயமில்ல. கால் இல்லாதப்ப ஜீப்பு வளைவுல திரும்புறதப் பாத்தாத்தான் பயம். அப்பத்தான் எழுதுவேன். யாராச்சும் போன் போட மாட்டீகளான்னு." அக்கா மூச்சு விடும் சத்தம் கேட்டது. "நீங்க, கதவச் சாத்துங்க, உள்ளயே இருங்க, சத்தம் காட்டாதீகன்னு எழுதுவீக. உள்ள வந்ததும் அவுகளும் அதத்தான் சொல்லுவாக."

லைனில் யாரோ விவசாயி வந்து "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முத்துமாரியிடம் மட்டும் சொல்ல அக்கா சம்மதித்தார். அவள் கேட்டுவிட்டு, "அந்த யானையாவது வாழைய மட்டும்தான திங்கும்" என்றாள். அவள் கேலியில் சிரிப்பு இல்லாமல் நான் கேட்டது அன்றுதான். போலீசுக்குப் போகலாம் என்றாள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "போனா பேசி அனுப்புவாக. அப்புறம் அதே வீட்டுக்குத்தான வரணும். அந்தப் பொழுத யார் பாத்துக்குவீக?"

அதனால் பொழுதைப் பார்த்துக்கொண்டோம். 'அவுக வந்துட்டாக' என்று வந்தால் நானோ முத்துமாரியோ உடனே அக்காவுக்குப் போன் போட்டு எதையாவது பேசுவோம். குழம்பு, சீட்டு, சீரியல். நான் என் வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை. அக்கா வழக்கம்போல எல்லோருடைய நேரத்தையும் எடுத்துக்கொண்டார். அந்தப் பச்சை எதற்கென்று இப்போது எனக்குத் தெரியும்.

அப்போதுதான் கம்பெனியில் விதி மாறியது. இனி ஒருத்தர் நேரத்தை ஒருத்தர் எடுக்கக்கூடாது. யாருக்கு எந்த நேரம் என்பதை ஆபீஸ் முடிவு செய்யும். மாதம் முழுவதுக்கும் ஒரே அட்டவணை. "எல்லாருக்கும் சரிசமமா இருக்கட்டும்னு மேல முடிவு பண்ணிருக்காங்க" என்று தம்பி எழுதினார். ஷீட்டைத் திறந்தேன். அக்காவுக்குக் காலை மட்டும் பச்சை. மதியத்திலிருந்து எல்லா நாளும் வெள்ளை.

கூச்சத்தை விட்டுத் தம்பிக்குப் போன் செய்தேன்.

"தம்பி, அக்காவுக்கு மதியமும் குடுங்க. எனக்கு வேண்டாம், என் நேரத்தக் குடுங்க."

"எதுக்குங்க்கா? காரணம் சொல்லுங்க, மாத்திப் பாக்கறேன். ரிமார்க்ஸ்ல போட்டாத்தான் அப்ரூவல் ஆகும்."

"ரிமார்க்ஸ் எங்க வரும் தம்பி?"

"ஷீட்லதாங்க்கா. பேருக்குப் பக்கத்துல."

அந்த ஷீட்டைத் தினமும் பார்க்கிற ஆளை நினைத்தேன். "ஒண்ணுமில்ல தம்பி, சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

முதல் சில மதியங்கள் நாங்கள் முறை வைத்துப் பேசினோம். பிறகு மதியமானால் அக்காவின் போன் அவர் வீட்டுக்காரர் கைக்குப் போனது. எடுத்து, "தூங்குறா தங்கச்சி" என்பார். பிறகு அணைத்தே வைத்தார். காலையில் அக்கா லைனுக்கு வரும்போது குரல் கட்டியிருக்கும். ஒருநாள் லைன் மாற்றும்போது சொன்னார்.

"ஆத்தா, நேத்து டிவிய ரொம்பச் சத்தமா வச்சாக."

"டிவியாக்கா?" என்றேன்.

"புது டிவி. அது சத்தம் மட்டும்தான் வெளிய கேக்குது." பிறகு, "இன்னைக்கும் மதியம் வெள்ளைதான?" என்று கேட்டார்.

முத்துமாரிக்குச் சொன்னேன். அவளுடைய அண்ணன் பஞ்சு மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டி வைத்திருந்தார். "இன்னைக்கே போறோம் மதினி. யானைக்கு யானையே போகட்டும்" என்றாள். என்னை அவள் மதினி என்றுதான் கூப்பிடுவாள். "அந்தாளப் போன எடுக்க வச்சு, கொல்லைக்குக் கூட்டிட்டுப் போய் நிப்பாட்டுறது ஒங்க வேல. வீட்டுக்குள்ள பேசுனாக் கேக்காதுல்ல, அதச் சொல்லுங்க."

"நானா? எனக்குப் பேச வராதே முத்துமாரி."

"போன்லதான மதினி. அக்காட்டதான படிச்சீக."

அக்காவின் போன் அணையுமுன் முத்துமாரி அவரிடமும் சொல்லிவிட்டாள். அன்று மதியம் அக்கா வீட்டுக்காரருடைய எண்ணுக்கே போட்டேன். மேகமலைக்குக் குடும்பத்தோடு போக ஜீப் வேண்டும் என்றேன். பின்னால் டிவி அலறிக்கொண்டிருந்தது.

"சரியாக் கேக்கலண்ணே. கொஞ்சம் வெளிய வாங்க."

நடக்கும் சத்தம் கேட்டது. டிவி தூரமானது. எத்தனை பேர், எத்தனை குழந்தைகள் என்று கேட்டார். இல்லாத குழந்தைகளுக்குப் பெயர் வைத்துச் சொன்னேன். "வளைவுல சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தி வரும் தங்கச்சி. எலுமிச்சம்பழம் வச்சுக்கங்க. காலையில வெறும் இட்லி மட்டும் குடுங்க" என்றார். அவ்வளவு கரிசனமாகச் சொன்னார். அங்கே தங்க இடம் இருக்கிறதா, அட்டை கடிக்குமா, மழை வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்று முடிவதற்குள் அடுத்ததைக் கேட்டேன்.

திடீரென்று அவர், "என்ன தங்கச்சி, இன்னைக்கு இவ்வளவு பேசுறீக? நீங்க பேசவே மாட்டீகன்னுல இவ சொல்லுவா" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பக்கம் ஒரு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

"யாரு வண்டிடா அது?" என்றார். என்னிடம் இல்லை. லைன் போய்விட்டது.

பொழுது இறங்கும்போது முத்துமாரி கூப்பிட்டாள். "ஏத்தியாச்சு மதினி. போட்டிருந்த சேலையோட ஏறிட்டாக. வழியெல்லாம் ஒரு வார்த்த பேசல. எங்க விட்டோம்னு மட்டும் கேக்காதீக. ஒங்களுக்குப் பொய் வராது, யாராச்சும் கேட்டா சொல்லிருவீக."

நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஷீட்டில் அக்காவின் வரி முழுவதும் வெள்ளையாக இருந்தது. அவருடைய நேரத்தையும் தம்பி எனக்கே போட்டிருந்தார். நான் உட்கார்ந்ததும் வந்த முதல் அழைப்பு அக்காவின் வீட்டுக்காரருடையது. "தங்கச்சி, நீங்கதான் எடுப்பீகன்னு தெரியும்" என்றார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், தோட்டத்தில் மோட்டார் ஓடவில்லை என்றும், சாயங்காலம் முத்துமாரி லைனுக்கு வந்ததும் அவளிடமும் சொல்லப்போவதாகவும் சொன்னார். நான் பெயர், ஊர், போன் நம்பர் கேட்டேன். நிதானமாகச் சொன்னார். புகாரைப் பதிந்துகொண்டேன்.